மாட்ரிடில் தனி ஆளாக ஒரு நாள்: இரண்டு மியூசியம், மூன்று தபாஸ் கடை

மாட்ரிடுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். காலையில் பிராடோ மியூசியத்துக்குள் நுழைவார்கள். மூன்றரை வரை சுற்றுவார்கள். கால் கடுத்து, பசி கண்ணை மறைக்க வெளியே வந்து ஒரு நல்ல கடையைத் தேடிப் போனால், அங்கே மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நான்கு, நாலரைக்குச் சமையலறை மூடினால் மறுபடி அடுப்பு பற்றுவது இரவு எட்டு, எட்டரைக்கு. இடையில் திறந்திருப்பவை பெரும்பாலும் வாசலில் வண்ணப் படம் போட்ட மெனுவை நிறுத்தியிருக்கும் கடைகள். ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சூடாக்கிய சோற்றை பயேயா என்று சொல்லி அங்கே தலையில் கட்டுவார்கள்.

அதனால் இந்த நகரத்தில் சாப்பாட்டு நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில்தான் மியூசியத்தைப் பொருத்த வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த ஒழுங்கில் போட்ட ஒரு நாள் திட்டம். கட்டணங்கள் அவ்வப்போது ஒன்றிரண்டு யூரோ ஏறும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

புதன் முதல் சனி வரை ஏதாவது ஒரு நாள். இதில் பிடிவாதமாக இருங்கள்.

செவ்வாயன்று ரெய்னா சோபியா மியூசியத்துக்கு விடுமுறை. பிகாசோவின் குவெர்னிகா ஓவியத்தைப் பார்க்கவே வந்தவர்கள் அந்த நாளில் பூட்டிய கதவு முன்னால் நிற்பதைப் பார்க்கலாம். திங்களன்று தைசன் மியூசியம் மதியம் 12 முதல் 4 வரை மட்டும், ஆனால் இலவசம். ஞாயிறன்று ரெய்னா சோபியா மதியம் 2.30-க்கே மூடிவிடும். போதாக்குறைக்கு ஞாயிறு இரவும் திங்களும் பழைய தபாஸ் (சிறு தட்டுகளில் தரும் சிற்றுண்டி) கடைகள் பல திறப்பதில்லை. ஆகஸ்டில் குடும்பமாக நடத்தும் கடைகள் வாரக்கணக்கில் விடுமுறை விட்டுவிடுவார்கள். கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய மூன்று நாளும் பிராடோ மூடியிருக்கும்.

ஒரே நாளில் மூன்று மியூசியம் வேண்டாம். மூன்றும் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கின்றன, மூன்றுக்கும் சேர்த்து பாசெயோ தெல் ஆர்தே என்றொரு கூட்டுச் சீட்டும் இருக்கிறது. ஆனால் மூன்றாவது மியூசியத்தில் கண் பார்க்கும், மனசு வாங்காது. பிராடோ, ரெய்னா சோபியா இரண்டும் போதும். இன்னொரு நாள் கையில் இருந்தால் மட்டும் தைசனைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கூட்டுச் சீட்டை வாங்குங்கள். சுமார் 33 யூரோ. தனித்தனியாக வாங்குவதைவிட ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்.

2. காகிதங்கள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசிக் கெடு 15 நாள். முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கும். பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லுபடியாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுக்குள் எடுத்ததாகவும், திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்லக்கூடியதாகவும், இரண்டு வெற்றுப் பக்கத்தோடும் இருக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம். கோடை விடுமுறைக்கு மார்ச்சிலேயே நேரம் பதிவுசெய்யுங்கள். மே மாதம் வந்துவிட்டால் நேரம் கிடைக்காது. கிடைக்கச் செய்கிறேன் என்று சொல்லிக் காசு கேட்கும் இடைத்தரகர்கள்தான் கிடைப்பார்கள்.

விசா கைக்கு வரும்வரை மியூசியம் டிக்கெட் வாங்காதீர்கள். பணம் திரும்பாது.

அன்றைய நாள் பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், டிக்கெட்டின் கியூஆர் குறியீடு (ஃபோனில் படமாகச் சேமித்தது, மின்னஞ்சலைத் திறந்து காட்டலாம் என்று இருந்தால் வாசலில் நெட் கிடைக்காது), காப்பீட்டுத் தாளின் படம், சலுகை கேட்பவராக இருந்தால் அதற்கான அசல் அட்டை. பிராடோவில் 18 வயதுக்குக் கீழே இலவசம். 18 முதல் 25 வயதுவரை உள்ள மாணவர்களுக்கும் இலவசம். 65 தாண்டியவர்களுக்கும் சலுகை உண்டு. ஆன்லைனில் சலுகைச் சீட்டை எடுத்துவிட்டு அட்டையை ஹோட்டலில் விட்டுவந்தால் வாசலில் முழுக் கட்டணம் கேட்பார்கள். கல்லூரி அட்டையில் செல்லுபடி ஆண்டு அச்சாகியிருக்கிறதா என்று ஊரிலேயே பாருங்கள். பலருடைய அட்டையில் அது இருப்பதில்லை. அப்படியானால் ஆங்கிலத்தில் ஒரு படிப்புச் சான்றிதழ் வாங்கிவையுங்கள்.

3. டிக்கெட்டும் இலவச நேரமும்

பிராடோ 15 யூரோ. திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் இரவு 8. ஞாயிறு 7 மணிவரை. கடைசி இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் இலவசம்.

ரெய்னா சோபியா 12 யூரோ. காலை 10 முதல் இரவு 9 வரை. செவ்வாய், ஞாயிறு தவிர மற்ற நாளில் இரவு 7 முதல் 9 வரை இலவசம்.

இதில் ஒன்றுக்குக் காசு கொடுங்கள், இன்னொன்றை இலவசத்தில் பாருங்கள். காசு பிராடோவுக்கு. மாலை 6 மணி இலவசத்துக்காக பிராடோ வாசலில் 5 மணிக்கே வரிசை வளையத் தொடங்கிவிடும். உள்ளே போகவே அரை மணி, முக்கால் மணி ஆகலாம். மிச்சமுள்ள நேரத்தில் அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஓடத்தான் முடியும். ரெய்னா சோபியா அப்படியல்ல. குவெர்னிகாவும் அதைச் சுற்றியுள்ள அறைகளும் மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஒன்றேகால் மணி நேரம் தாராளம்.

இலவச நேரத்திலும் சீட்டு இல்லாமல் விடமாட்டார்கள். விலை பூஜ்யம் என்று அச்சிட்ட சீட்டு ஒன்று வேண்டும்.

பிராடோ டிக்கெட்டை அதன் சொந்த இணையதளத்தில், காலை 10 மணி நேரத்துக்கு வாங்குங்கள். தேடலில் மேலே வருபவை பெரும்பாலும் மறுவிற்பனைத் தளங்கள். அதே சீட்டை ‘வரிசை தவிர்ப்பு’ என்று பெயர் வைத்து இருபத்தைந்து, முப்பது யூரோவுக்கு விற்பார்கள். சொந்தத் தளத்தில் வாங்கினாலும் டிக்கெட் ஜன்னல் வரிசை உங்களுக்கு இல்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையை யாருக்குக் காசு கொடுத்தாலும் தவிர்க்க முடியாது.

4. போய்ச் சேருவது

விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறீர்கள் என்றால் மஞ்சள் நிற எக்ஸ்பிரஸ் பஸ், 5 யூரோ, 24 மணி நேரமும் உண்டு. பகலில் அதோச்சா ரயில் நிலையம்வரை போகும். இரவில் சிபெலெஸ் சதுக்கத்தோடு நின்றுவிடும்.

நகருக்குள் மெட்ரோவுக்கு மூல்தி என்ற சிவப்பு அட்டை. அட்டைக்கு மட்டும் 2.50 யூரோ, அதில் பத்துப் பயணம் ஏற்றிக்கொள்ளலாம். ஒற்றைப் பயணமாக வாங்குவதைவிட நன்றாகவே மலிவு. விமான நிலைய மெட்ரோ நிலையத்துக்கு 3 யூரோ கூடுதல் கட்டணம் இருக்கிறது. அதை ஏற்றாமல் வந்தால் வெளியேறும் கதவு திறக்காது. நகரப் பேருந்தில் 1.50 யூரோ, வங்கி அட்டையைத் தொட்டாலே போதும்.

ரெய்னா சோபியாவுக்கு இறங்க வேண்டிய நிலையம் எஸ்தாசியோன் தெல் ஆர்தே. 2018 வரை இதற்கு அதோச்சா என்று பெயர். பழைய குறிப்புகளில் அதோச்சாவில் இறங்கு என்றுதான் இருக்கும். இன்று அதோச்சா என்ற பெயரில் இருப்பது அடுத்த நிலையம், ரயில் நிலையத்தை ஒட்டியது. தவறி இறங்கினால் பத்து நிமிட நடைதான், பெரிய நஷ்டமில்லை. பிராடோவுக்கு பாங்கோ தே எஸ்பான்யா நிலையமும் சரி, எஸ்தாசியோன் தெல் ஆர்தேயும் சரி, ஏறக்குறைய ஒரே தூரம்.

5. காலை 9: கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்

ஏதாவது தெருமுனை பாரில் நின்றபடி. (பார் என்றால் காலையில் காபிக்கடை, இரவில் மதுக்கடை, இரண்டும் அதேதான்.) கஃபே கோன் லெச்சே (பால் காபி) ஒன்று, பான் கோன் தொமாத்தே ஒன்று. பின்னது சுட்ட ரொட்டியில் அரைத்த தக்காளி, ஆலிவ் எண்ணெய், உப்பு. நான்கைந்து யூரோவுக்குள் முடியும். ஹோட்டலில் 15 யூரோ பஃபே எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு வயிறு இருக்காது.

6. பிராடோ, 10 முதல் 1 வரை

தனி ஆட்கள் நுழைவது ஹெரோனிமோஸ் வாசல். டிக்கெட் ஜன்னல் கோயா வாசலில். அங்கே போய் நிற்காதீர்கள். பெரிய முதுகுப்பை, குடை எல்லாவற்றையும் பொருள் வைப்பறையில் கொடுத்துவிட வேண்டும். உள்ளே புகைப்படம் எடுக்கக்கூடாது. ஃபோனைச் சும்மா உயர்த்தினாலே அறைக் காவலர் வந்துவிடுவார். ஒருமுறை வெளியே வந்தால் அதே சீட்டில் மறுபடி நுழைய முடியாது என்பதால், நடுவில் காபி வேண்டுமென்றால் உள்ளேயே இருக்கும் கடையில்தான்.

நுழைவில் தரும் வரைபடத்தை வாங்கி, கீழே சொல்லும் அறை எண்களை அதில் சரிபாருங்கள். ஓவியங்கள் சில சமயம் இடம் மாறும், கடனாக வெளியூர் போகும்.

முதல் பத்து நிமிடத்தில் நேராக 56ஏ அறைக்கு. போஷ் வரைந்த ‘உலக இன்பங்களின் தோட்டம்’. மூன்று பலகைகள், ஓரத்து இரண்டும் கதவுபோல மடிந்து நடுப் பலகையை மூடும். இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: படம் முழுக்க விரல் நீள மனிதர்கள். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரியும். பதினொன்றுக்கு மேல் குழுச் சுற்றுலாக்காரர்கள் வந்து நாலு வரிசை நின்றுவிட்டால் உங்களுக்குத் தெரிவது தலைகள்தான். இடது பலகையில் இளஞ்சிவப்பு நீரூற்றைத் தேடுங்கள். அதன் அடியில் ஒரு வட்டத் துளை. அதற்குள்ளிருந்து ஓர் ஆந்தை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். நடுப் பலகையில் ஆளைவிடப் பெரிய ஸ்ட்ராபெரிப் பழங்கள். பிறகு, பெரும்பாலோர் செய்யாத ஒன்றைச் செய்யுங்கள்: சுற்றிக்கொண்டு பின்னால் போங்கள். இரண்டு கதவுகளின் முதுகிலும் சாம்பல் நிறத்தில் ஒரு கண்ணாடி உருண்டை, அதற்குள் மனிதனே இல்லாத உலகம். மூடிவைத்தால் இதுதான் தெரியும்.

58-ஆம் அறை பக்கத்திலேயே. வான் டெர் வெய்டனின் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’. மயங்கிச் சாயும் மரியாளின் உடல் வளைவும் இறக்கப்படும் மகனின் உடல் வளைவும் ஒன்றுபோல இருப்பதைப் பாருங்கள்.

அடுத்து மேல்தளம், 12-ஆம் அறை: வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’, 1656. மூன்று மீட்டருக்கு மேல் உயரம். முதலில் கயிறுவரை நெருங்கி இளவரசியின் பாவாடையைப் பாருங்கள்; வெறும் தூரிகைக் கிறுக்கல். அப்படியே பின்னால் நடந்து அறையின் எதிர்ச் சுவருக்குப் போங்கள். கிறுக்கலெல்லாம் சரிகையாகிவிடும். பின்சுவரில் உள்ள சிறு கண்ணாடியில் அரசனும் அரசியும் தெரிகிறார்கள். அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். இந்த அறையில் அவசரப்படாதீர்கள். குழுக்கள் அலைபோல வந்து போகும். பத்து நிமிடம் ஓரமாக நின்றால் இடைவெளி கிடைக்கும்.

கடைசியாகக் கோயா, மறுபடி கீழ்த்தளம். 64-இல் ‘மே 3, 1808’. வெள்ளைச் சட்டைக்காரன் கையை விரித்து நிற்கும் படம். 67-இல் கறுப்பு ஓவியங்கள். மொத்தம் 14, தன் வீட்டுச் சுவரில் வரைந்தவை, பிறகு பெயர்த்துத் துணிக்கு மாற்றினார்கள். அதில் ‘நாய்’ என்ற ஒன்று: பெரிய மஞ்சள் வெறுமை, கீழ் ஓரத்தில் நாயின் தலை மட்டும். இதைப் பார்த்தபின் வேறு ஓவியம் ஏறாது. கிளம்புங்கள்.

7. மதியம் 1.30: மெனு தெல் தியா

தனி ஆளுக்கு மேஜை கிடைக்கும் நேரம் 1.30. இரண்டரைக்குப் போனால் நான்கு பேர் மேஜையை ஒருவருக்குக் கொடுக்கத் தயங்குவார்கள்.

பிராடோவிலிருந்து சாலையைக் கடந்து லெத்ராஸ் பகுதிக்குள் போங்கள். உவெர்தாஸ் தெருவும் அதன் கிளைகளும். வார நாளில் பல கடை வாசல்களில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும் மெனு தெல் தியா. முதல் உணவு, இரண்டாம் உணவு, ரொட்டி, குடிக்க ஒன்று, இனிப்போ காபியோ. எல்லாம் சேர்த்து 14 முதல் 18 யூரோ. நாளின் மிக மலிவான நல்ல சாப்பாடு இதுதான். சனி, ஞாயிறில் பல கடைகள் இதைத் தருவதில்லை, தந்தாலும் விலை அதிகம். பலகை ஸ்பானிஷில் மட்டும் இருந்தால் அது நல்ல அறிகுறி.

சைவக்காரர்களுக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் உணவு வரிசை முழுக்க மாமிசமும் மீனுமாகத்தான் இருக்கும். முதல் உணவு வரிசையில் சாலட், பருப்பு, காய் என்று ஒன்றிரண்டு தேறும். “தோஸ் பிரிமேரோஸ், போர் ஃபவோர்” என்று கேளுங்கள். இரண்டு முதல் உணவு என்று அர்த்தம். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

தண்ணீர் கேட்டால் பாட்டில் வந்து இரண்டு மூன்று யூரோ ஏறும். “ஆக்வா தெல் கிரிஃபோ” என்று சொன்னால் குழாய்த் தண்ணீர். மாட்ரிட் குழாய்த் தண்ணீர் நன்றாகவே இருக்கும். அதை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022-இல் சட்டமே வந்துவிட்டது.

8. மூன்றிலிருந்து ஏழு வரை

அறைக்குப் போய்த் தூங்குங்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. இரவு பன்னிரண்டுவரை நிற்கப் போகிறீர்கள். அறை தூரமென்றால் பிராடோவுக்குப் பின்னால் ரெதீரோ பூங்கா, மரநிழலில் நல்ல பெஞ்சுகள். ஜூலையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும் என்பதால் பாட்டிலில் தண்ணீர் அவசியம்.

9. ரெய்னா சோபியா, இரவு 7

6.40-க்கு வாசலில் இருங்கள். இரண்டு வாசல். கண்ணாடி லிஃப்ட்கள் வெளியே தெரியும் பழைய சபாதீனி கட்டடத்தின் முன்வாசலில் எல்லோரும் நிற்பார்கள். ரோந்தா தே அதோச்சா பக்கம் சிவப்புக் கூரை கொண்ட நுவேல் கட்டடத்தில் இன்னொன்று. அங்கே வரிசை பெரும்பாலும் குட்டையாக இருக்கும்.

நேராக சபாதீனி கட்டடத்தின் இரண்டாம் தளம், அறை 205.10. குவெர்னிகா, 1937. ஏழே முக்கால் மீட்டர் அகலம், கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும். எட்டு மணிக்கு மேல் கூட்டம் குறையும். முதலில் ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்து அறைகளைச் சுற்றிவிட்டு, மறுபடி வந்து பாருங்கள். நெடுங்காலம் இருந்த புகைப்படத் தடை 2023 செப்டம்பரில் நீங்கியது. ஃப்ளாஷ், ட்ரைபாட், செல்ஃபிக் குச்சி கூடாது. மூடும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே அறை அறையாக வெளியேற்ற ஆரம்பிப்பார்கள்.

10. தபாஸ்: எங்கே நிற்பது, எப்படிக் கேட்பது

தனியாகப் போகிறவருக்கு ஸ்பெயினில் கிடைக்கும் பெரிய வசதி பார்ரா, அதாவது நீண்ட கவுண்டர். மேஜை வேண்டாம், முன்பதிவு வேண்டாம், தனியாக இருப்பதை யாரும் கவனிப்பதும் இல்லை. அதே பொருள் கவுண்டரில் ஒரு விலை, உள் மேஜையில் ஒரு விலை, வெளியே தெர்ராசாவில் இன்னொரு விலை என்று பல இடத்தில் இருக்கும். விலை அட்டையில் மூன்று பத்தியாகப் போட்டிருந்தால் இதுதான் விஷயம்.

அளவு மூன்று. தபா என்றால் சிறு தட்டு, மேதியா ரசியோன் அரைத் தட்டு, ரசியோன் முழுத் தட்டு. முழுத் தட்டு இரண்டு மூன்று பேருக்கு. மெனுவில் ரசியோன் விலை மட்டும் போட்டிருந்தாலும் “மேதியா?” என்று கேட்டால் பல பொருளுக்குக் கிடைக்கும். கேட்காமல் ஆர்டர் செய்துவிட்டு ஒரு தாம்பாளம் வறுத்த கணவாயோடு மல்லுக்கட்டுவதுதான் தனிப் பயணியின் வழக்கமான விபத்து.

குடிக்க ஒரு கான்யா (சிறு கிளாஸ் பீர், சுமார் 200 மில்லி, இரண்டு மூன்று யூரோ). கூடவே ஆலிவ் காயோ சிப்ஸோ கேட்காமலே வந்தால் அது இலவசம். ஆனால் கிரனாடா நகரத்தில் ஒவ்வொரு கிளாஸுக்கும் முழுத் தட்டு இலவசமாக வரும் என்று கேள்விப்பட்டு அதை மாட்ரிடில் எதிர்பார்த்தால் பட்டினிதான். ரொட்டிக் கூடை பல இடத்தில் காசு. மது வேண்டாம் என்றால் மோஸ்தோ கேளுங்கள். புளிக்காத திராட்சைச் சாறு, அதையும் ஐஸும் ஆரஞ்சுத் துண்டும் போட்டு அழகாகத் தருவார்கள்.

ஒரு கடையில் ஒரு கிளாஸ், ஒரு தட்டு, பிறகு அடுத்த கடை. இதுதான் முறை. ரெய்னா சோபியாவிலிருந்து சாந்தா இசபெல் தெரு வழியாக மேலே ஏறினால் ஏழெட்டு நிமிடத்தில் ஆந்தோன் மார்த்தின் சதுக்கம். அங்கிருந்து:

முதலில் எச்சேகராய் தெருவில் லா வெனென்சியா. ஷெர்ரி (ஸ்பெயினின் ஒரு வகைத் திராட்சை மது) வகைகள் மட்டும். பீர் கேட்டால் இல்லை என்பார்கள். கூடத் தொட்டுக்கொள்ள ஆலிவ், சீஸ், உப்பிட்டு உலர்த்திய சூரை. உங்கள் கணக்கை மர கவுண்டரிலேயே சாக்பீஸால் எழுதுவார்கள். புகைப்படம் கூடாது, டிப்ஸ் கூடாது, ரொக்கம் கொண்டுபோங்கள். மன்சனியா கேட்டால் உலர்ந்த ஷெர்ரி வரும். இதே சொல்லைக் காபிக்கடையில் சொன்னால் சாமந்திப்பூ டீ வரும். பயப்பட வேண்டாம், இரண்டுக்கும் அதே பெயர்தான். குடிக்காதவர்கள் இந்தக் கடையைத் தாண்டிப் போகலாம்.

அடுத்து விக்தோரியா தெருவில் லா காசா தெல் அபுவேலோ, 1906 முதல் நடப்பது. காம்பாஸ் அல் அஹீயோ: மண்சட்டியில் எண்ணெய், பூண்டு, காய்ந்த மிளகாய், இறால். தாளிப்பு மாதிரி சடசடவென்று கொதித்தபடியே முன்னால் வந்து இறங்கும். முதல் ஒரு நிமிடம் கையை வைக்காதீர்கள், நாக்கு போய்விடும். ரொட்டியைப் பிய்த்து அந்தப் பூண்டெண்ணெயில் தோய்ப்பதுதான் இதில் பாதி ருசி. ஒரு சட்டி ஒருவருக்குச் சரியான அளவு.

மூன்றாவது, சோல் சதுக்கத்தை ஒட்டி தெத்துவான் தெருவில் காசா லாப்ரா, 1860. மாவில் தோய்த்துப் பொரித்த பகலாவ் (காட்) மீன் துண்டும் அதன் குரோகெத்தாவும் (உள்ளே பூரணம் வைத்துப் பொரித்த உருண்டை). இங்கே குழம்ப வேண்டாம்: மீனுக்கு ஒரு கவுண்டர், குடிப்பதற்கு வேறு கவுண்டர். இரண்டிலும் தனித்தனியாகக் காசு. நின்று சாப்பிட வேண்டியதுதான். இரவு பத்தே முக்காலுக்குள் போய்விடுங்கள்.

ஆள் கவனிக்கவில்லை என்று கையைத் தட்டவோ விரலைச் சொடுக்கவோ கூடாது. கண்ணைப் பார்த்து “குவாந்தோ புவேதாஸ்” சொல்லுங்கள். ‘முடியும்போது வாங்க’ என்பது போல. பில்லுக்கு “மே கோப்ராஸ்?” டிப்ஸ் கட்டாயமில்லை. சில்லறையை விட்டுவிட்டு வந்தால் போதும்.

மொத்தத்தில் மூன்று கடைக்கும் சேர்த்து 30 யூரோ ஒதுக்குங்கள். பிராடோ, காலை, மதியம், பயணம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 75 யூரோவில் முடியும்.

11. சைவம், பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு

‘கார்னே’ (இறைச்சி) வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பலர் புரிந்துகொள்வது மாட்டுத்துண்டு வேண்டாம் என்றுதான். ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை), சூரை மீன் இரண்டும் மாமிசக் கணக்கில் வராமல் போய்விடலாம். முழுதாகச் சொல்லுங்கள்: “நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ.” (இறைச்சியோ ஹமோனோ மீனோ சாப்பிடமாட்டேன்.) ஒவ்வொரு தட்டுக்கும் “யேவா ஹமோன்?” (இதில் ஹமோன் இருக்கிறதா?) என்று கேளுங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்: கலவை சாலட்டில் சூரை மீன். சல்மோரேஹோ தக்காளிக் குழம்பின் மேலே ஹமோன் தூள். காளான் வதக்கலில் சோரீசோ (பன்றித் தொத்திறைச்சி). பச்சை பீன்ஸில் ஹமோன். பருப்பு, கொண்டைக்கடலைக் குழம்பில் எலும்புச் சாறு. குரோகெத்தாவை வெளியே பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பதாதாஸ் பிராவாஸ் உருளைதான், ஆனால் அந்தச் சிவப்புச் சாஸை இறைச்சிச் சாறில் செய்யும் கடைகளும் உண்டு, கேட்டுவிடுங்கள். எண்ணெய் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது சகஜம்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: பிமியெந்தோஸ் தே பத்ரோன் (வறுத்த குட்டிப் பச்சை மிளகாய், உப்புக்கல் தூவியது, பத்தில் ஒன்று உறைக்கும், நமக்கு அதுவும் உறைக்காது), தேன் ஊற்றிய பொரித்த கத்தரிக்காய், ஆலிவ், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு தோர்த்தியா (ஆம்லெட்). மான்சேகோ சீஸ் வழக்கமாக விலங்கின் உறைபொருளில் தயாராவது. அதைப் பார்ப்பவர்கள் தவிர்க்கலாம்.

12. பணமும் பையும்

அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி செயலியில் ஊரிலேயே திறந்துவையுங்கள். அட்டை இயந்திரம் ‘யூரோவா, ரூபாயா’ என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கை வைப்பார்கள். பணம் எடுப்பது வங்கிக் கிளைச் சுவரில் உள்ள இயந்திரத்தில். கடைத்தெருவில் தனியாக நிற்கும் இயந்திரங்களில் கட்டணம் அதிகம். சில்லறையாக 40 யூரோ கையில் இருந்தால் போதும்.

வன்முறை குறைவு, ஜேப்படி அதிகம். சோல், மெட்ரோ முதல் வழித்தடம், ஞாயிற்றுக்கிழமை ராஸ்த்ரோ சந்தை ஆகிய மூன்று இடத்திலும் பையை முன்பக்கம் மாட்டுங்கள். தெர்ராசா மேஜையில் ஃபோனை வைக்கவே வைக்காதீர்கள்: ஒருவர் வந்து கையெழுத்து கேட்டு ஒரு தாளை அதன் மேல் விரிப்பார், தாளோடு ஃபோனும் போய்விடும். அவசரத்துக்கு 112. பாஸ்போர்ட் போனால் லெகானிதோஸ் தெருக் காவல் நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே வாங்கும் புகார் நகல் இல்லாமல் தூதரகமும் காப்பீடும் நகராது.

13. திரும்பும் வழி

இன்னும் வயிற்றில் இடமிருந்தால் சோலிலிருந்து ஐந்து நிமிடத்தில் சான் ஹினேஸ் சந்தில் 1894-ஆம் ஆண்டுச் சாக்லேட் கடை. சுர்ரோவும் (எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பலகாரம்) கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியான சாக்லேட்டும். நள்ளிரவுக்கு மேலும் திறந்திருக்கும்.

மெட்ரோ காலை 6 முதல் இரவு 1.30 வரை. ஆனால் மாறி ஏற வேண்டிய வழித்தடத்தில் கடைசி வண்டி அதற்கு முன்பே போயிருக்கலாம், 1.10-க்குள் நிலையத்துக்குள் இருங்கள். தவறினால் சிபெலெஸ் சதுக்கத்துக்கு நடங்கள். பூஹோ, அதாவது ஆந்தை என்று பெயர் வைத்த இரவுப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதே 1.50 யூரோ.